மீன் பெட்டியில் வந்த முதுகுத் தண்ணீர்

1. முதல் நாளும் ஃப்ரிட்ஜும்

வேலையில் சேர்ந்த முதல் நாள் நான் செய்த முதல் காரியம் ஒரு கிருமியைக் கொன்றது. ஆஸ்பத்திரி உத்தியோகத்துக்கு இது நல்ல ஆரம்பம் என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அந்தக் கிருமியை உயிரோடு வைத்திருக்கத்தான் அரசாங்கம் எனக்குச் சம்பளம் தருகிறது என்பது மறுநாள் காலைதான் தெரியவந்தது.

நான் எம்.எல்.டி. அதாவது ஆஸ்பத்திரி லெப்பில் இரத்தம், சலம், சளி என்று மனிதன் வேண்டாமென்று கொடுப்பதையும், கொடுக்க விரும்பாமல் கொடுப்பதையும் வாங்கிச் சோதிக்கிறவன். ஊரில் என்னை ‘லெப் டொக்டர்’ என்பார்கள். கலியாணம் பேசிய காலத்தில் இந்த மரியாதையை நான் திருத்தவில்லை. பிறகு திருத்த முயன்றேன், மாமியார் வீட்டார் ஒத்துக்கொள்ளவில்லை. நோயாளிகள் எங்களைப் பார்ப்பதில்லை, நாங்களும் அவர்களைப் பார்ப்பதில்லை. எங்களுக்கு அவர் ஒரு நம்பர், அவருக்கு நாங்கள் ஒரு ஜன்னல்.

முதல் நியமனம் வெளி மாவட்டத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. பகல் ஒரு மணிக்கு வார்ட்டிலிருந்து ஒரு சின்னப் புட்டி வந்தது. சி.எஸ்.எஃப். மூளையையும் முள்ளந்தண்டையும் சுற்றி ஓடுகிற நீர். முதுகில், இடுப்புக்குச் சற்று மேலே, எலும்புகளின் இடையில் ஊசி ஏற்றி எடுப்பார்கள். மூளைக்காய்ச்சல் என்று சந்தேகம் வந்தால் இந்த நீரைப் பார்க்காமல் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. பெரியவர்கள் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். நான் பொறுப்பாக அந்தப் புட்டியைத் துடைத்து, நிமிர்த்தி, ஃப்ரிட்ஜில் வைத்தேன். வைத்துவிட்டு என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

மறுநாள் மைக்ரோபயோலொஜி மேடம் ஃப்ரிட்ஜைத் திறந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். சத்தம் போடமாட்டார், அதுதான் பயம்.

“இத ஆர் இதுக்குள்ள வைச்சது?”

“நான்தான் மேடம். பழுதாகிரும் எண்டு.”

“உமக்கு எந்த ஊர்?”

“சாய்ந்தமருது மேடம்.”

“அப்பா என்ன செய்யிறார்?”

“மீன் வியாபாரம் மேடம்.”

“அதுதானே பாத்தன்” என்றார்.

பிறகு விளக்கினார். மூளைக்காய்ச்சலை உண்டாக்கும் கிருமிகள் புது மாப்பிள்ளையைப் போன்றவை. உடம்புச் சூட்டிலேயே வாழ்ந்து பழகியவை. சாப்பாடு சுணங்கக் கூடாது, குளிர் படக் கூடாது. கொஞ்சம் உபசாரம் குறைந்தாலும் கோபித்துக்கொண்டு போய்ச் சேர்ந்துவிடும். (மாப்பிள்ளை உவமை என்னுடையது. மேடம் ‘டெலிகேட்’ என்று ஒரே சொல்லில் முடித்துக்கொண்டார்.) கிருமி செத்துவிட்டால் கல்ச்சர் தட்டில் வளராது. வளராவிட்டால் அது எந்த மருந்துக்குப் பயப்படும் என்று சோதித்துப் பார்க்க வழியில்லை.

அந்த நோயாளி பிழைத்துக்கொண்டார். அதில் என் பங்கு எதுவும் இல்லை.

அன்றிலிருந்து நான் ஃப்ரிட்ஜுகளின் காவல்காரன் ஆனேன். எங்கள் கிழக்குக் கரைக்கு மாற்றலாகி வந்ததும் வார்ட் வார்டாகப் போய் நர்ஸ் மிஸ்மாருக்கு வகுப்பெடுத்தேன். ஃப்ரிட்ஜ் கதவுகளில் எச்சரிக்கை ஒட்டினேன். லெப் ஜன்னலுக்கு மேலே சொந்தக் கையெழுத்தில் ஒரு போர்ட் எழுதி மாட்டினேன்: ‘பெயர் அழிந்த, ஒழுகும், குளிரூட்டப்பட்ட மாதிரிகள் ஏற்றுக்கொள்ளப்படமாட்டா. உத்தரவுப்படி.’ உத்தரவு யாருடையது என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

எட்டிய ஃப்ரிட்ஜுக்கெல்லாம் காவல் போட்டாயிற்று என்று நிம்மதியாக இருந்தேன். இந்தக் கடற்கரையில் எத்தனை ஐஸ் பெட்டி இருக்கிறது என்று எண்ண மறந்துவிட்டேன்.

2. ஜன்னலில் ஒரு றெஜிபோம் பெட்டி

ஒரு வெள்ளிக்கிழமை. பதினொன்றரை தாண்டியிருக்கும். ஜும்ஆத் தொழுகைக்குப் போகிற அவசரத்தில் நான் ஏப்ரனைக் கழற்றிக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை மதியம் லெப்பைப் பார்த்துக்கொள்வது வசந்தி. காரைதீவுக்காரி. சீனி, புரதம், உப்பு என்று பயோகெமிஸ்ட்ரி முழுவதும் அவள் பக்கம். பதிலுக்குப் பொங்கலும் சிவராத்திரியும் என் தலையில். பல வருடமாக நடக்கிற ஒப்பந்தம், இருவரும் ஏமாற்றியதில்லை.

ஜன்னல் கட்டையில் ஒரு பெட்டி வந்து குந்தியது. வெள்ளை றெஜிபோம், தெர்மோகோல் என்பார்களே, அதில் செய்த மீன் ஏற்றுகிற பெட்டி. மூலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பின்னால் ஒரு மனிதர், நாற்பது வயதிருக்கும், சாறனை மடித்துக் கட்டியிருந்தார்.

“இஞ்ச மீன் வாங்கிற இல்ல காக்கா. கன்டீன் அந்தப் பக்கம்” என்றேன். எங்கள் பக்கத்தில் அண்ணனைக் காக்கா என்போம்.

“மீன் இல்ல சேர். என்ட பொஞ்சாதிட முதுகுத் தண்ணி.”

மூடியைத் திறந்தார். நான் மீன் வியாபாரியின் மகன், எனக்குத் தெரியும்: அது தேர்ந்த கை. அடியில் ஒரு தட்டு உடைத்த ஐஸ், மேலே பொலித்தீன், அதில் மூன்று புட்டிகள் கழுத்தளவுக்கு நிமிர்ந்து நிற்க, சுற்றிலும் மறுபடி ஐஸ். ஏற்றுமதிக் கெளவல்லா மீனைக்கூட இவ்வளவு பக்குவமாக அடுக்கி நான் பார்த்ததில்லை.

“ஐஸ் எங்க எடுத்த?” என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டிய முதல் கேள்வி அதுவல்ல. வாய் அப்படி வந்துவிட்டது.

“கரையில, நம்மட மீன் வாடியில. உடைச்ச ஐஸ்தான் சேர் போட்ட. கட்டி போட்டா புட்டி வெடிச்சிரும்.”

பெயர் ஆதம்பாவா. கடல் தொழில். தெற்கே ஒரு சிறு ஆஸ்பத்திரியில் மனைவி ஹபீபா கிடக்கிறாள். அங்கே முதுகில் ஊசி ஏற்றி நீரை எடுத்துவிட்டார்கள். சோதிக்க வசதி இல்லை, எங்களிடம்தான் வரவேண்டும். அம்புலன்ஸ் வேறொரு நோயாளியோடு போயிருந்தது. டொக்டர் யோசித்துவிட்டு புட்டிகளைக் கணவனின் கையிலேயே கொடுத்துவிட்டார்.

“டொக்டர் என்ன செல்லி அனுப்பின?”

“‘சுணங்கினா பழுதாகிரும், கெதியாக் கொண்டு போங்க’ எண்டு. மோட்ட சைக்கிள்ல வாற வழியில யோசிச்சன் சேர். இந்த வெயிலுக்குப் பழுதாகாம எப்பிடிக் கொண்டு போற? ஒரு அஞ்சு நிமிசம் வாடியில நிப்பாட்டின, அவ்வளவுதான்.”

குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மேடத்தின் ‘அதுதானே பாத்தன்’ காதில் கேட்டது. மெதுவாகச் சொன்னேன்: “காக்கா, இதுக்கு ஐஸ் கூடாது. ஐஸ் பட்டா உள்ளுக்கு இரிக்கிற கிருமி செத்திரும்.”

ஆதம்பாவாவின் முகம் தெளிந்தது. “அப்ப நல்லந்தானே சேர்? நம்மளுக்கு அது சாகத்தானே வேணும்.”

இத்தனை வருட உத்தியோகத்தில் இவ்வளவு நியாயமான கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. புட்டிக்குள் இருப்பது செத்தாலும் அவர் மனைவியின் தலைக்குள் இருப்பது சாகாது. புட்டிக்குள் இருப்பதை உயிரோடு பிடித்தால்தான் தலைக்குள் இருப்பவன் யார் என்று தெரியும். இதைச் சொன்னேன். அவர் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தெளிந்த முகம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

“பழுதாப் பெய்த்தா, சேர்?”

“முழுக்க இல்ல. தேவையெண்டா இன்னொருக்கா எடுக்கச் செல்லலாம்.”

“ஏலாது சேர்.” குரல் தணிந்துவிட்டது. “இதுக்கே மாமி விடயில்ல. முதுகுல தண்ணி எடுத்தா ரெண்டு காலும் விளங்காமப் பெய்த்திரும் எண்டு வார்ட்டுக்குள்ள குந்திட்டா. மாமிட மூத்த மகள்மார், அந்த ராத்தாமாரும் அவட பக்கம். நான் ஒராள்தான் கையெழுத்து வெச்ச. வீடும் அவங்கட, மகளும் அவங்கட. நான் புகுந்த மாப்பிள்ள. இப்ப போய் ‘நான் ஐஸ் போட்டுட்டன், இன்னொருக்காக் குத்துங்க’ எண்டு எந்த முகத்தோட செல்ற?”

எங்கள் கரையின் வழக்கம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கே மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்குப் போவான். அந்த வீட்டில் அவனுக்குக் கோழி கிடைக்கும், மரியாதை கிடைக்கும், வாக்குரிமை மட்டும் கொஞ்சம் தாமதமாகக் கிடைக்கும். நானும் புகுந்த மாப்பிள்ளைதான். மாமியார் கூட்டம் முழுவதும் எதிர்த்து நிற்க, ஒரு மனிதன் தனியாகக் கையெழுத்து வைப்பது என்றால் என்ன என்று எனக்கு விளக்க வேண்டியதில்லை.

ஒரு கையெழுத்துக்கு வந்த மூன்று புட்டி. அதற்கு மேல் இல்லை.

போர்ட்டை நிமிர்ந்து பார்த்தேன். பெயர் அழிந்த, ஒழுகும், குளிரூட்டப்பட்ட. ஐஸ் தண்ணீரில் லேபலின் மை கரைந்து ‘பீபா’ என்பது மட்டும் மிஞ்சியிருந்தது. பெட்டி சொட்டிக்கொண்டிருந்தது. மூன்றையும் ஒரே தடவையில் வேறு யாரும் சாதித்ததில்லை.

வசந்தி பின்னால் வந்து நின்றாள். “போர்ட் நீங்க எழுதினது அண்ணன். திருப்பி அனுப்பிறதா, போர்டத் திருப்பி வைக்கிறதா? கெதியாச் சொல்லுங்க, செல் எல்லாம் கரையுது.”

அவள் சொன்னது சரி. எடுத்த நீரில் உள்ள கலங்கள் நேரம் போகப் போக உடைந்துவிடும். போன் எடுத்து அந்தச் சிறு ஆஸ்பத்திரியின் வார்ட் டொக்டரைக் கூப்பிட்டேன். இளம் பெண் குரல், களைப்பு தெரிந்தது. எத்தனை புட்டி, எந்த நிற மூடி, ஒவ்வொன்றிலும் எவ்வளவு என்று கேட்டேன். எல்லாம் பொருந்தியது. ஐஸில் வந்ததையும் சொன்னேன். பெட்டி வழியில் கையை விட்டுப் போகவில்லை என்று ஆதம்பாவா சொன்னதையும் எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்கினேன். அன்று அவருக்கு இரண்டாவது கையெழுத்து.

“சேர், போன கிழமை காதால சீழ் வடிஞ்சிருக்கு, காட்டயில்ல” என்றார் டொக்டர். “மூணு நாளாக் காய்ச்சல். இண்டைக்குக் காலையில இருந்து கழுத்து மடங்குதில்ல, கதைக்கிறது மாறாட்டம். தண்ணி எடுத்த உடனே ஊசி மருந்து தொடங்கிட்டம். அதுக்குக் காத்திருக்க ஏலாது. ஆனா கிருமிதானா, கிருமியெண்டா எது எண்டு தெரியணும். கூட மருந்து சேர்க்கணுமா, எத்தன நாளைக்கு, வீட்டுக்காரருக்கும் தடுப்புக் குளிசை மருந்து குடுக்கணுமா, எல்லாம் அதிலதான் இருக்கு. ஐஸ்ல வந்திச்சு எண்டா கல்ச்சர்?”

“கல்ச்சர நம்பாதீங்க டொக்டர்.”

“அப்ப?”

“ஸ்லைட் இரிக்கி” என்றேன். செத்த கிருமி வளராது. ஆனால் சாயம் ஏற்றினால் செத்தாலும் தெரியும். ஐஸ் அதன் உயிரை எடுத்திருக்கலாம், உருவத்தை எடுக்கவில்லை.

கழற்றிய ஏப்ரனை மறுபடி போட்டுக்கொண்டேன்.

3. கழுவுகிற கை

நல்ல முதுகுத் தண்ணீர், வடித்த குடிநீர் மாதிரித் தெளிவாக இருக்கும். புட்டியை அச்செழுத்துக்கு முன்னால் பிடித்தால் எழுத்தை வாசிக்கலாம். ஹபீபாவின் புட்டியை ஒரு பழைய பத்திரிகைக்கு முன்னால் பிடித்தேன். தலைப்பே தெரியவில்லை. அரிசி கழுவின தண்ணீர்.

ஒரு புட்டி வசந்திக்குப் போனது, சீனிக்கும் புரதத்துக்கும். ஒன்று கலங்களை எண்ண. ஒன்று கல்ச்சருக்கும் ஸ்லைடுக்கும்.

எண்ணுகிற கண்ணாடியில் ஒரு துளி விட்டு மைக்ரோஸ்கோப்பின் கீழே வைத்தேன். சுகமான மனிதனுக்கு அங்கே ஒன்றிரண்டு கலம் அநாதையாகத் திரியும். இங்கே நோன்புப் பெருநாளுக்கு முதல் நாள் கல்முனைச் சந்தை. எல்லாம் சீழ்க் கலங்கள், தோளோடு தோள் இடித்துக்கொண்டு. அப்படியே எண்ண முடியாமல் நீர்த்துத்தான் எண்ணினேன்.

“சீனி பதினெட்டு அண்ணன்” என்றாள் வசந்தி. “இரத்தத்தில நூத்தி முப்பது எண்டு டொக்டர் சொன்னவதானே. புரதம் ஏறிக் கிடக்கு.”

இரத்தத்தில் இருக்கிற சீனியில் பாதிக்கு மேல் முதுகுத் தண்ணீரிலும் இருக்க வேண்டும். இல்லையென்றால் யாரோ தின்றுகொண்டிருக்கிறார்கள். வைரஸ் பெரும்பாலும் சீனியில் கைவைக்காது. இவ்வளவு சீழ், இவ்வளவு குறைந்த சீனி: பக்டீரியா. அதைச் சொல்ல இனி யோசிக்க வேண்டியதில்லை. எந்த பக்டீரியா என்பதுதான் மிச்சம்.

நீரை இயந்திரத்தில் சுழற்றி, அடியில் படிந்ததை ஸ்லைடில் தடவிக் காயவைத்தேன். கிராம் ஸ்டெய்ன் ஒன்றும் பெரிய வித்தையல்ல. முதலில் ஊதாச் சாயம், அதன் மேல் அயடின், பிறகு அசிட்டோனால் ஒரு கழுவல், கடைசியில் சிவப்பு. சில கிருமிகள் ஊதாவைப் பிடித்துக்கொண்டு விடமாட்டா. சில விட்டுவிட்டுச் சிவப்பை ஏற்கும். மருதமுனைக் கைத்தறிச் சாறன் மாதிரி: சாயம் நிற்கிறதா போகிறதா என்பது கழுவும்போதுதான் தெரியும். அதிகம் கழுவினால் எந்தச் சாறனும் வெளுக்கும்.

அசிட்டோனை ஊற்றும்போது பள்ளிவாசலில் தொழுகைக்கான பாங்கு ஒலித்தது.

ஸ்லைடில் ஒரு துளி எண்ணெய் விட்டு மைக்ரோஸ்கோப்பில் பார்த்தேன். சீழ்க் கலங்களுக்கு நடுவே இரண்டு இரண்டாக, சோடி சோடியாக, குண்டுக் கிருமிகள். சிவப்பு.

சிவப்புச் சோடி என்றால் மெனிங்கோகொக்கஸ். மூச்சால், எச்சிலால் தொற்றுகிற ஜாதி. ஹபீபாவைத் தனி அறைக்கு மாற்ற வேண்டும், மாமிக்கும் ராத்தாமாருக்கும் பிள்ளைகளுக்கும் குளிசை, பி.எச்.ஐ. என்கிற சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவிப்பு. எங்கள் ஊரில் அறிவிப்பு எதுவும் அதோடு நிற்காது. பின்னேர அஸருக்கு முன்னால் அது வட்ஸ்அப்பில் ஏறி, அந்தி மஃரிபுக்கு முன்னால் பள்ளிக்கூடங்களை மூடிவிடும். ஊதாச் சோடி என்றால் நியூமோகொக்கஸ். அதற்கு வேறு கணக்கு, வேறு நாட்கள், இரண்டாவது மருந்து ஒன்றையும் சேர்க்க வேண்டிவரலாம்.

போனைக் கையில் எடுத்துவிட்டேன். இலக்கம் அழுத்துவதற்கு முன் வசந்தி கேட்டாள்:

“அண்ணன், அசிட்டோன் ஊத்தக்குள்ள எங்க பாத்தீங்க?”

“ஸ்லைடத்தான்.”

“இல்ல. மணிக்கூட்டப் பாத்தீங்க. பாங்கு சொல்லக்குள்ள. நான் இஞ்ச இருந்து பாத்துக்கொண்டுதானே இருந்தன். கை ஊத்திக்கொண்டே இருந்திச்சு.”

போனை வைத்தேன்.

பாங்குக்கு மணிக்கூட்டைப் பார்ப்பது தேவையில்லாத வேலை. பாங்கே மணிக்கூடுதான். ஆனாலும் பார்த்திருப்பேன். அசிட்டோனில் இரண்டு மூன்று விநாடி கூடினால் போதும், ஊதாக் கிருமியும் வெளுத்துச் சிவப்பாகிவிடும். ஜன்னலுக்கு வெளியே மர வாங்கில் ஒருவர் ஐஸ் போட்டதற்காகத் தலை குனிந்து இருக்கிறார். உள்ளே அனுபவஸ்தர் ஒருவர் ஜும்ஆ அவசரத்தில் ஒரு ஊரையே பூட்டப் பார்த்தார்.

இரண்டாவது ஸ்லைட் போட்டேன். இந்த முறை பக்கத்திலேயே எங்களுக்குத் தெரிந்த இரண்டு கிருமிகளையும் தடவினேன், ஒன்று ஊதா ஜாதி, ஒன்று சிவப்பு ஜாதி. அவை தத்தம் நிறத்தில் வந்தால் என் கை சரி. மணிக்கூட்டுக்கு முதுகைக் காட்டி நின்றேன். வசந்தி பக்கத்தில் நின்று வாய்விட்டு விநாடி எண்ணினாள், கோயிலில் பிரதட்சிணம் எண்ணுவது போல.

தெரிந்தவை இரண்டும் தத்தம் நிறத்தில் நின்றன. ஹபீபாவினது, கரும் ஊதா. சோடி சோடியாக, ஒவ்வொன்றும் ஒரு முனை கூரான வேல் முனை மாதிரி, சுற்றிலும் மெல்லிய வெளிச்ச வளையம்.

நியூமோகொக்கஸ். காதுச் சீழிலிருந்து மேலே ஏறியவன்.

“நீங்களும் பாருங்க” என்று நகர்ந்தேன். வசந்தி பார்த்தாள். நேரம் எடுத்துப் பார்த்தாள்.

“இப்ப போன் எடுங்க” என்றாள்.

4. மெழுகுதிரி ஜாடி

டொக்டர் நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்திக்கொண்டார். இரண்டாவது மருந்தையும் சேர்ப்பதாகச் சொன்னார். வீட்டாருக்குக் குளிசை தேவையில்லை. “மாமிக்கிட்ட என்ன சொல்ல சேர்? இன்னும் கதவடியில இரிக்கிறா.”

“மருமகன் கொண்டு வந்த தண்ணியிலதான் நோயப் பிடிச்ச எண்டு செல்லுங்க. ஐஸப் பத்தி நீங்க கதைக்காதீங்க.”

ஆதம்பாவாவிடம் போய்ச் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: “அப்ப இன்னொருக்காக் குத்தத் தேவயில்லதானே?”

“இதுக்காகத் தேவயில்ல.”

“நீங்க ஜும்ஆக்குப் போகயில்ல, சேர்.”

“நீங்களும்தான்.”

வராந்தாவின் ஓரத்தில் இருவரும் ஜும்ஆவுக்குப் பதிலாக லுஹர் தொழுதோம். அவருடைய சாறனில் ஐஸ் தண்ணீர் ஈரம் இன்னும் காயவில்லை.

கல்ச்சரை நம்பாதீர்கள் என்று நானே சொன்னேன். ஆனாலும் போடாமல் விடவில்லை. புட்டியில் மிஞ்சியதைக் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்திருந்தேன். இதற்கு எந்தப் புத்தகத்திலும் விதி இல்லை. பிறகு இரத்தம் கலந்த தட்டுகளில் தடவி, மெழுகுதிரி ஜாடிக்குள் வைத்தேன். ஒரு காலத்தில் அச்சாறு ஊறுகாய் ஜாடி அது. உள்ளே ஒரு திரியை ஏற்றி மூடியை இறுக்கினால், திரி எரிந்து தானாக அணையும். மிஞ்சுகிற புழுக்கக் காற்றுத்தான் இந்தக் கிருமிகளுக்குப் பிடித்தது. சனிக்கிழமை காலை திறந்து பார்த்தேன். தட்டு துடைத்த கண்ணாடி. ஞாயிற்றுக்கிழமையும் அதே.

ரிப்போர்ட் எழுதினேன். ‘வளர்ச்சி இல்லை. மாதிரி ஐஸில் வந்து சேர்ந்தது. கிராம் ஸ்டெய்னைக் கருத்தில் கொள்ளவும்.’ நடுவில் உள்ள வசனத்தை விட்டுவிடலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். ஆதம்பாவாவின் முகத்துக்காக. விடவில்லை. ‘வளர்ச்சி இல்லை’ என்று மொட்டையாக எழுதினால், அதை வாசிக்கிற யாராவது கிருமியே இல்லை என்று எண்ணி மருந்தை நிறுத்திவிடக்கூடும். மனிதரைக் காப்பாற்ற வேண்டும், மானத்தை வேறு வழியில் பார்த்துக்கொள்ளலாம்.

அதே ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் டொக்டர் போன் எடுத்தார். காய்ச்சல் இறங்குகிறது. ஹபீபா கண் திறந்து ஆட்களை அடையாளம் கண்டாளாம். முதலில் தண்ணீர் கேட்டாளாம். இரண்டாவதாக, கால் இரண்டையும் ஆட்டிக் காட்டச் சொல்லி உம்மா கேட்க, ஆட்டிக் காட்டினாளாம்.

5. கோணியில் வந்தவை

ஒரு மாதத்துக்குப் பிறகு, ஜன்னல் கட்டையில் மறுபடியும் றெஜிபோம் பெட்டி.

“யா அல்லாஹ்” என்றேன், கொஞ்சம் சத்தமாகவே.

“பயப்படாதீங்க சேர்” என்றார் ஆதம்பாவா. மூடியைத் திறந்தார். நனைந்த கோணிச் சாக்கு. அது அசைந்தது. விலக்கிக் காட்டினார், கால் கட்டிய நண்டுகள், ஒவ்வொன்றும் என் உள்ளங்கையை விடப் பெரிது.

“அரசாங்க உத்தியோகத்தர் அன்பளிப்பு வாங்கக் கூடாது அண்ணன்” என்றாள் வசந்தி. “மாதிரி எண்டு பதிஞ்சிட்டுச் சோதிச்சுப் பார்ப்பமா?”

ஹபீபா எப்படி என்று கேட்டேன். நடக்கிறாள், சமைக்கிறாள், ஏசுகிறாள். “இடது காதுதான் சேர் கொஞ்சம் கேக்கிதில்ல. இந்த வருத்தத்துக்கு அப்பிடி வாறதாம், டொக்டர் செல்லித்தான் இரிக்கிறாங்க. கிளினிக்குக்குப் போறம்.” பிறகு, “நான் இப்ப அந்தக் காதுப் பக்கமாத்தான் இரிக்கிற” என்றார்.

“மாமி?”

“நான்தான் கையெழுத்து வெச்ச எண்டு ஊரெல்லாம் செல்லிக்கொண்டு திரியிறா. தானும் கூட வெச்ச மாதிரி.”

பெட்டிக்குள் மறுபடி பார்த்தேன். சாக்குத்தான், ஐஸ் இல்லை. தொழில்காரன் புத்தி, கேட்காமல் இருக்க முடியவில்லை. “இதுக்கு ஐஸ் போடயில்லயா காக்கா?”

என்னைக் கொஞ்சம் இரக்கத்தோடு பார்த்தார். “நண்டுக்கு ஆர் சேர் ஐஸ் போடுற? அது உசிரோட போகணும். செத்த நண்ட ஆர் வாங்கிற?”

சொல்லிவிட்டுப் பெட்டியையும் என்னையும் பார்த்தார்.

“சேர்,” என்றார் மெதுவாக, “அண்டைக்கு ‘பழுதாகிரும்’ எண்டு செல்லாம, ‘இதுக்குள்ள உசிர் ஒண்டு இரிக்கி, சாகாமக் கொண்டு போங்க’ எண்டு ஒரு சொல்லு செல்லியிருந்தா, நான் வாடிப் பக்கமே திரும்பியிருக்க மாட்டன்.”

இருபது வருடமாக நான் மிஸ்மாருக்கும் டொக்டர்மாருக்கும் ‘குளிரூட்ட வேண்டாம்’ என்று கத்தியிருக்கிறேன். ஏன் என்று ஒரு போர்டிலும் எழுதவில்லை. தடையை மட்டும் எழுதினேன். மீன் வியாபாரி வீட்டில் பிறந்தவன், நண்டுக்கு ஐஸ் போடக்கூடாது என்பது நடக்கப் பழகுமுன்னே தெரிந்தவன். அந்த அறிவு என் ஏப்ரனுக்கு உள்ளே வரவே இல்லை. மேடமும் என் ஊரைக் கேட்டார், வாப்பாவின் தொழிலைக் கேட்டார், இன்னும் ஒரு கேள்வி கேட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். அவர் மேல் பிழையில்லை. யாழ்ப்பாணத்திலும் நண்டு இருக்கிறது, அவருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

நண்டைப் பற்றி மேற்கொண்டு சாட்சியம் சொல்ல நான் தயாரில்லை. வசந்தி மிளகு கூடப் போடுவாள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அந்தக் கிழமையே பழைய போர்டைக் கழற்றினேன். சிறு ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் புதிதாக ஒரு துண்டுச் சீட்டு அச்சடித்து அனுப்பினோம். புட்டியோடு சேர்த்து, கொண்டு வருகிறவர் கையில் கொடுக்க வேண்டியது. ‘இதற்குள் உயிர் இருக்கிறது. உயிரோடு வந்து சேர வேண்டும். ஐஸ் வேண்டாம், ஃப்ரிட்ஜ் வேண்டாம். சட்டைப் பையில், உடம்போடு வைத்துக்கொண்டு நேராக வாருங்கள்.’ தலைமையகத்தில் ஒருவர் ‘மொழி நடை உத்தியோகபூர்வமாக இல்லை’ என்று கடிதம் எழுதினார். உண்மைதான். பதில் எழுத இன்னும் நேரம் கிடைக்கவில்லை.

இளம் எம்.எல்.டி. தம்பி தங்கச்சிமார் இதை வாசித்தால், அசிட்டோன் ஊற்றும்போது மணிக்கூட்டைப் பார்க்காதீர்கள். அதைவிடப் பெரியது: ஜன்னலுக்கு வெளியே நிற்கிறவருக்கு உங்களுக்குத் தெரிந்ததில் பாதி ஏற்கெனவே தெரியும். எந்தப் பாதி என்று கேளுங்கள்.

போன மாதம் சொறிக்கல்முனையிலிருந்து ஒரு விவசாயி வந்தார். வயலில் இருந்து நேரே வந்தவர், காலில் சேறு காய்ந்திருந்தது. இடது கையால் சட்டைப் பையைப் பொத்திப் பிடித்திருந்தார், கோழிக்குஞ்சைக் கொண்டு வருகிறவர் மாதிரி. ஜன்னலுக்கு வந்தும் கையை எடுக்கவில்லை.

“என்ட தம்பிட முதுகுத் தண்ணி ஐயா” என்றார். “உசிரோட இரிக்குமா?”

“இரிக்கும். தாங்க” என்று கையை நீட்டினேன்.

புட்டி இளஞ்சூடாக இருந்தது.